விசைப்பலகையில் ஏழிசை

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அமைந்த தமிழ்ப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர், சில திங்களுக்கு முன்னர்த் தம் கணினியின் முன் என்னை அமர்த்திச் சிக்கல் ஒன்றைக் காட்டினார். தோட்டத்தில் வாழும் முதிய அன்னை ஒருவர் பாடிய தாலாட்டை அவர் கேட்டு வந்திருந்தார். சொற்களை ஏட்டில் எழுதிக்கொண்டார். மெட்டையும் எழுதி வைத்தால் பள்ளிப் பிள்ளைகள் பிற்காலத்திலும் பாடுவார்களே என்பது அவர் விருப்பம். இசைக் குறிப்பு எழுதும் மென்பொருள் ஒன்றைத் திறந்து முதலடிக்குரிய சுரங்களை இட்டார். அவற்றின்கீழ்ப் பாட்டின் சொற்களைத் தமிழில் தட்டினார். இரண்டாம் அடிக்குச் சுரம் இடத் தொடங்கியபோது விசைகளை எத்துணை முறை அழுத்தியும் தாளில் ஒன்றும் விழவில்லை. விசைப்பலகை இன்னும் தமிழிலேயே நின்றிருந்தது. மென்பொருளோ ஆங்கில எழுத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தது.

“ஐயா, தமிழ் எழுதினால் இசை எழுத முடியவில்லை, இசை எழுதினால் தமிழ் எழுத முடியவில்லை. ஒவ்வோர் அடிக்கும் பலகையை மாற்றி மாற்றியா எழுதுவது?” என்று வினவினார்.

சிறிய வினாவே. ஆயின் இவ்வினாவின் பின்னே இரண்டு வரலாறுகள் உள்ளன. ஒன்று, தமிழர் இசையை எழுத்தில் அடைத்த வரலாறு. மற்றொன்று, பிறர் செய்த பொறியில் தமிழ் எழுத்தை அமர்த்திய வரலாறு. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்திலேயே அவ்வாசிரியர் தடைப்பட்டு நின்றார். அவ்வரலாறுகளை முறையே நோக்கினால் தடைக்கு வழியும் புலப்படும்.

மலையும் மக்களும்

1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் பகாங்கின் இவ்வுயர்நிலத்தைக் கண்டு குறித்தார்; அவர் பெயரே மலைக்கு வழங்கலாயிற்று. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1931-இல் தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை முடிந்தது. காடு வெட்டி, சரிவு திருத்தி, செடி நட்டு, கொழுந்து பறித்தவருள் தமிழர் மிகப் பலர். பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் மலாய்க் கூட்டு நாடுகளில் விதித்திருந்தது. அச்சட்டத்தின் நிழலில் தோட்டந்தோறும் தமிழ்ப் பள்ளிகள் எழுந்தன. போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி ஆகிய தோட்டப் பெயர்களை இன்றும் தமிழ்ப் பள்ளிகள் தாங்கி நிற்கின்றன.

ஈரிலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளுவது அந்நாளைய முறை. பழகிய விரலுக்குக் கண்ணின் துணை வேண்டுவதில்லை. வாய் பாட, விரல் தன் வேலையைத் தானே செய்யும். இன்று கத்திரியும் பொறியும் கொழுந்தை வெட்டுகின்றன. வேலை செய்வோருள் வேற்று நாட்டவர் பெருகினர். தமிழ்க் குடும்பங்கள் பல நகரை நோக்கிச் சென்றுவிட்டன. பாடியவர் இறங்கிச் சென்றால் பாட்டும் உடன் இறங்கிச் செல்லும். தோட்டப் பாடல்களின் சொல் அச்சேறிய அளவுக்கு மெட்டு அச்சேறவில்லை. ஆதலின் அவ்வாசிரியரின் கவலை வீண் கவலை அன்று.

எழுத்தில் அடைந்த இசை

இசையை எழுதி வைக்கும் எண்ணம் தமிழகத்துக்குப் புதிதன்று. ஈரோட்டுக்கு அண்மையில் உள்ள அரச்சலூர் மலைக் குகையில், கிறித்து பிறந்த பின் முதற் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. அதில் தகர வரிசை அசைகள் ஐந்தைந்தாக அடுக்கி வெட்டப்பட்டுள்ளன. ஆடலுக்கும் இசைக்கும் உரிய அசைகள் அவை என அறிஞர் கருதுவர். புதுக்கோட்டைப் பகுதியில் உள்ள குடுமியான்மலைக் கல்வெட்டு ஏறக்குறைய ஏழாம் நூற்றாண்டினது. கிரந்த எழுத்தில் அமைந்தது. ஏழு பண்களுக்குரிய சுரக் கோவைகளை வரிவரியாகத் தருவது. அதில் ஒரே சுரம் அ, இ, உ, எ என்னும் நான்கு உயிரோடு கூடி நான்கு வடிவம் கொள்கிறது. மெய்யெழுத்துச் சுரத்தின் பெயரையும் உயிரெழுத்து அதன் வேறுபாட்டையும் உணர்த்த வைத்த நுட்பம் போற்றத்தக்கது.

நம் நிகண்டு நூலார் இன்னும் எளிய வழி ஒன்றைக் காட்டினர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைக்கும் ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ என்னும் நெட்டெழுத்து ஏழும் முறையே குறியாம் என்பது திவாகரம் தரும் செய்தி. நெடில் ஏழு, இசை ஏழு என்னும் இப்பொருத்தத்தைப் படிப்போர் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

அச்சுக் காலத்தில் முயற்சிகள் பெருகின. 1893-இல் சென்னையில் சின்னசாமி முதலியார், நம் நாட்டு இசையை ஐரோப்பியரின் ஐந்து கோட்டுக் குறியீட்டில் எழுதி வெளியிட்டார். 1904-இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் தம் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியைத் தெலுங்கு எழுத்தில் வெளியிட்டார். கமகங்களுக்கெனத் தனித்தனிக் குறிகளை அமைத்தார். 1917-இல் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரத்தைத் தம் சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார். 1947-இல் மட்டக்களப்புத் தந்த விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் வெளிவந்தது. இசைநூல் அச்சிடப் புகுந்தவருக்கு எழுத்தச்சு மட்டும் போதவில்லை என்பதை இவற்றைப் புரட்டிப் பார்ப்போர் உணர்வர். சுரத்துக்கு மேலும் கீழும் புள்ளி வேண்டும். காலம் காட்டக் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் வேண்டும். துரித காலத்துக்குத் தலைமேல் கோடு வேண்டும்.

புள்ளியில் ஒரு புதிர்

இங்கே தமிழுக்கே உரிய புதிர் ஒன்று உண்டு. மேல் மண்டிலத்துச் சுரத்துக்கு எழுத்தின் தலைமேல் புள்ளி இடுவது மரபு. பிற எழுத்து முறைகளில் அது வெறும் அடையாளம். தமிழிலோ தலைப்புள்ளி மெய்யின் அடையாளம் ஆயிற்றே! சகரத்தின்மேல் புள்ளி வைத்தால் இசைவாணர் மேல் சட்சம் என்று படிப்பார். இலக்கணம் கற்றவர் ‘ச்’ என்று படிப்பார். கையால் எழுதுங்கால் இடம் நோக்கிப் பொருள் கொண்டுவிடலாம். கணினியோ அவ்வாறு கொள்வதில்லை. ச, க, ம, ப, த என்னும் ஐந்தின்மேலும் அது புள்ளியைத் தடையின்றி ஏற்கும். ரி, நி என்னும் இரண்டின்மேல் ஏற்காது. உயிர்மெய்யில் இகரக் குறி வந்தபின் புள்ளி வருதல் தமிழ் எழுத்திலக்கணத்துக்கு ஒவ்வாதது ஆதலின், எழுத்துக்கு அருகே புள்ளிகளால் ஆன வெற்று வட்டம் ஒன்றைத் தோற்றுவித்துப் பிழை என்று சுட்டும். இவ்விடத்தில் புள்ளி எழுத்தின் உறுப்பா, இசையின் குறியா என்பதைப் பொறிக்கு உணர்த்த நாம் தனிக் குறி ஒன்றைப் பயன்படுத்தியாக வேண்டும். பொறி எழுத்தை மட்டுமே அறியும்; எழுதுவோன் கருத்தை அறியாது.

பொறியில் அமர்ந்த தமிழ்

இனி இரண்டாம் வரலாற்றுக்கு வருவோம். இன்று நம் மேசைமேல் உள்ள ஆங்கில விசைப்பலகையின் வரிசை, அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பார் வகுத்தது. 1874 முதல் ரெமிங்டன் நிறுவனம் விற்ற தட்டச்சுப் பொறியில் வந்தது. இருபத்தாறு எழுத்துக்கு என எழுந்த பொறியில் 247 எழுத்தை எவ்வாறு அமைப்பது? ஐம்பதுக்கும் குறைந்த விசைகளே அப்பொறியில் உண்டு.

இதற்கு விடை கண்டவருள் முதன்மையானவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்தில் பிறந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்கு வந்து உழைத்தவர் அவர். தமிழ்த் தட்டச்சுப் பொறி பிறந்த கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு என்பதை மாணவர்க்குச் சொல்லுதல் நன்று. புள்ளி, இகர ஈகாரக் குறிகள் ஆகியவற்றை நகரா விசைகளில் அவர் வைத்தார். விசையை அழுத்தினால் குறி தாளில் விழும், தாள் நகராது, அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து பொருந்தும். எழுத்தை முழுதாக வைக்க இடம் இல்லாதபோது அதன் உறுப்புகளைப் பிரித்து வைத்த அறிவுத்திறம் அது. அவர் வகுத்த பொறி ஜெர்மனியில் உருவாகி வந்தது. பின்னாளில் தட்டச்சுப் பயிலகங்களில் ‘ய ள ன க’ என்று விரல் பழகிய தலைமுறைகளுக்கு வழி திறந்தவர் இவரே.

கணினிக் காலத்திலும் இந்நிலம் முன் நின்றது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு, கணினியில் தமிழ் எழுதும் வாய்ப்பை இல்லந்தோறும் கொண்டு சென்றது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் என்னும் முறையை அமைத்தார். ஆயின் ஆளுக்கு ஒரு பலகை, ஆளுக்கு ஓர் எழுத்துக் குறியீடு என்னும் குழப்பம் உடன் வளர்ந்தது. ஒருவர் அனுப்பிய மடலை மற்றொருவர் படிக்க இயலாத நிலை வந்தது. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் பல நாட்டுத் தமிழர் மாநாடாகக் கூடினர். சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்99 என்னும் விசைப்பலகை உருவாயிற்று. அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டு அரசு அதனை ஏற்றது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது.

தமிழ்99 பலகையின் அமைப்பு எளியது. உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. உயிரும் மெய்யும் மாறி மாறி வரும் மொழி நம்முடையது ஆதலின் இரு கையும் மாறி மாறி இயங்கும். ஆங்கில எழுத்துகளின் ஒலியைப் பின்பற்றாமல், தமிழின் இயல்பையே அடிப்படையாகக் கொண்டு எழுந்தது இப்பலகை.

இசைப் பொறி கேட்கும் மொழி

இசை எழுதும் மென்பொருள்கள் 1980-களின் பிற்பகுதி முதல் பரவின. ஃபினாலே 1988-இலும், சிபேலியஸ் 1993-இலும் வந்தன. 2002-இல் தொடங்கப்பெற்ற மியூஸ்ஸ்கோர் விலையின்றிக் கிடைப்பது. இவற்றில் விரைந்து எழுத உதவுவன குறுக்கு விசைகள். எண் விசை சுரத்தின் கால அளவைக் குறிக்கும். ஆங்கில நெடுங்கணக்கின் முதல் ஏழு எழுத்து ஏழு சுரத்தைக் குறிக்கும். மியூஸ்ஸ்கோரில் 5 என்னும் எண்ணை அழுத்திப் பின் ‘சி’ என்னும் ஆங்கில விசையை அழுத்தினால் கால் அளவுச் சுரம் ஒன்று கோட்டில் அமரும்.

பலகை தமிழ்99 ஆக இருக்கும்போது அதே ஏழு விசைகள் தருவன யாவை? ஆங்கிலேயர் தம் சுர வரிசையை ஏற்றமாக எழுதுவதாக எண்ணி அழுத்தினால் ஒ, உ, ஊ, ஃ, எ, அ, ங என்பனவே வரும். அவற்றுள் எந்த எழுத்தும் மென்பொருளின் பட்டியலில் இல்லை. ஆதலின் அது வாளா இருந்துவிடுகிறது. தாலாட்டு இரண்டாம் அடியில் நின்றதன் காரணம் இதுவே.

இத்தொல்லை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சுப் பலகையில் எண்களைப் பெற மாற்று விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்; ஆகவே கால அளவுக்கு ஒரு விரல் போதுமான இடத்தில் அவர்க்கு இரு விரல் வேண்டும். மேலும் அவர் சுரத்தை தோ, ரே, மீ என்று பாடிப் பழகியவர், எழுத்தால் அழைப்பதில்லை. ஜெர்மானியர் ஏழாம் சுரத்தை ‘எச்’ என்பர். அதற்கு அரைச் சுரம் தாழ்ந்ததையே ‘பி’ என்பர். மென்பொருளோ ஆங்கில வழக்கின்படி ‘பி’ என்பதை ஏழாம் சுரமாகக் கொள்ளும். ஆங்கிலம் அல்லாத பலகை எதுவாயினும் ஏதேனும் ஒரு மூலையில் முள் தைக்கவே செய்கிறது.

நோயின் முதலை நாடினால் செய்தி ஒன்று விளங்கும். ஒரு விசையை அழுத்தும்போது கணினிக்கு இரு செய்திகள் கிடைக்கின்றன. எந்த இடத்து விசை என்பது ஒன்று. அவ்விடத்துக்கு அப்போது வழங்கும் எழுத்து எது என்பது மற்றொன்று. எழுத்தைக் கேட்கும் மென்பொருள், பலகை மாறியதும் செவிடாகும். இடத்தைக் கேட்கும் மென்பொருளுக்கு எந்த மொழிப் பலகையும் ஒன்றே. கொழுந்து பறித்த கை இடத்தை அறிந்ததேயன்றி இலையின் பெயரை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. தட்டச்சுப் பயின்ற கையும் அத்தகையதே.

ஏழு விசை எவை?

மென்பொருள்கள் பலவும் குறுக்கு விசைகளை நாமே மாற்றி அமைத்துக்கொள்ள இடம் தருகின்றன. தமிழ் எழுத்தை நேரே ஏற்காத மென்பொருளுக்கும் வழி உண்டு. கீமேன் போன்ற கருவிகளால் தனிப் பலகை ஒன்றை ஆக்கலாம். நம் கை தமிழ் இடத்தில் அழுத்த, மென்பொருளுக்கு அது வேண்டும் ஆங்கில எழுத்துச் சென்று சேரும். ஆகவே இனி எஞ்சும் வினா, ஏழு சுரத்துக்கும் எந்த ஏழு விசையைக் கொள்வது என்பதே.

இரண்டு வழிகள் தோன்றுகின்றன. முதல் வழி திவாகரத்தின் வழி. தமிழ்99 பலகையில் இடக்கையின் மேல்வரிசையில் ஆ, ஈ, ஊ, ஐ, ஏ என்னும் ஐந்து நெடிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. கீழ்வரிசையின் முதல் இரு விசை ஔ, ஓ. நிகண்டு கூறும் ஏழிசை எழுத்தும் ஒரு கைக்குள்ளே அமைந்திருத்தல் வியப்புக்குரியது. பலகை வகுத்தோர் இசையை எண்ணி வைத்தார் அல்லர். எழுத்திலக்கணத்தை எண்ணி வைத்ததால் இசையும் உடன் வந்தது. ஆயின் குறையும் உண்டு. ஏ, ஐ இரண்டும் இடம் மாறி நிற்கின்றன. ஓ, ஔ வலமிருந்து இடமாக நிற்கின்றன. குரல் என்பது இன்றைய சட்சமா, மத்திமமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை இருத்தலின் எதை எதனோடு இணைப்பது என்னும் சொற்போரும் எழும்.

இரண்டாம் வழி, பிள்ளைகள் வாயில் இன்று வழங்கும் ச ரி க ம ப த நி என்பவற்றின் வழி. வலக்கை ஓய்ந்திருக்கும் நடுவரிசையைப் பாருங்கள்: க, ப, ம, த, ந என்னும் ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே உள்ளன. ச மேல்வரிசையில், ர கீழ்வரிசையில். ஏழில் ஐந்து சுரம் கை பெயராமலே கிடைக்கின்றன. இடக்கையோ ஓய்வாக உள்ளது. அது மேலே உள்ள 1 முதல் 5 வரையான எண்களை அழுத்திக் கால அளவைக் கொடுக்கலாம். ஒரு கை தாளத்துக்கு, மறு கை சுரத்துக்கு என்று பங்கீடு அமைந்துவிடுகிறது.

பழைமையின் அழகு முதல் வழியில் உள்ளது. பள்ளிக்குப் பயன் இரண்டாம் வழியில் உள்ளது. கற்பிப்போர்க்கு இரண்டாவதே ஏற்றது என்பது என் கருத்து. க என்னும் விசையை அழுத்தினால் காந்தாரம் வரும் என்றால் பிள்ளைக்கு வேறு விளக்கம் வேண்டா. திவாகரத்தை வகுப்பில் சொல்லிக் கொடுப்போம். நடுவரிசையில் விரலை வைத்துக் கொடுப்போம்.

தடைகளும் கடமையும்

இதனால் எல்லாம் முடிந்துவிடும் என்று யாரும் எண்ணிவிடலாகாது. நம் சட்சம் பாடுவோர் குரலுக்கு ஏற்ப உயரும், தாழும்; ஐரோப்பியரின் சுரம் நிலையான உயரத்தில் நிற்பது. ஆகவே சட்சத்தை அவர்தம் ‘சி’ என்னும் சுரத்தில் வைப்பது எழுத்து வசதிக்காக நாம் செய்துகொள்ளும் ஏற்பாடே என்பதை ஏட்டின் தலைப்பில் குறித்தல் வேண்டும். பன்னிரு சுரத்தானத்தையும் காட்ட உயர்வு தாழ்வுக் குறிகளுக்கும் விசை வகுத்தாக வேண்டும். கமகம் எந்த விசைக்கும் அகப்படாது. அதனைப் பாடியவர் குரலின் ஒலிப்பதிவே காக்கும். எழுத்தும் ஒலிப்பதிவும் ஒன்றையொன்று துணையாகக் கொள்ளுதல் முறை.

எச்சரிக்கைகளும் இரண்டு உண்டு. 1988 முதல் வழங்கிய ஃபினாலே 2024-இல் நிறுத்தப்பட்டது. ஒரே மென்பொருளின் கோப்பில் மட்டும் பாட்டை வைத்திருந்தவர் அன்று திகைத்தனர். ஆதலின் மெட்டைப் பொது வடிவிலும் தாளிலும் சேர்த்து வைத்தல் நன்று. மற்றொன்று, 1999-க்கு முன் நாம் பட்ட பாடு. பள்ளிக்கு ஒரு சுரப் பலகை எழுமாயின் ஒருவர் பயிற்றிய விரலை மற்றொருவர் மறக்கச் செய்ய நேரும். ஒன்றை ஆய்ந்து, ஒன்றையே கொள்ளுதல் ஆசிரியர் கடமை.

முத்தையா நாற்பத்துச் சொச்சம் விசையில் தமிழை அமர்த்தியபோது அவருக்கு முன்மாதிரி இல்லை. நமக்கு அவரே முன்மாதிரி. எழுத்துக்கு இடம் தேடும் வேலை முடிந்தது. இசைக்கு இடம் தேடும் வேலை எஞ்சியுள்ளது. அதற்கு வேண்டுவது பெரும்பொருளும் அன்று, பேரவையும் அன்று. பதினைந்து நிமிட அமைப்பும், ஒரு வாரப் பழக்கமும், ஆசிரியர் சிலரின் உடன்பாடுமே.

அந்தத் தமிழாசிரியரின் கணினியில் அன்று மாலையே ஏழு விசையையும் மாற்றி அமைத்தோம். முதலில் விரல் தடுமாறியது. பின்னர் இரண்டாம் அடி விழுந்தது. இருட்டுமுன் தாலாட்டின் நான்கு அடியும் தாளில் நின்றன. மறுநாள் அவர் அதை அந்த அன்னையிடம் கொண்டு சென்று பாடிக் காட்டினார். மூன்றாம் அடியில் ஒரு சுரம் பிழை என்று அவர் திருத்தினாராம். திருத்துவதற்கு அவர் இருக்கும்போதே நாம் எழுதிவிட வேண்டும்.